ஆரபிக்கு வைத்திருந்த வயலின்

அந்த வீட்டில் இரும்பு அலுமாரிப் பூட்டின் திறப்பு தியாகலிங்கத்தின் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை. குளிக்கப் போனாலும் கிணற்றுக் கட்டில் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார். அலுமாரிக்குள் நகை கிடையாது, காணி உறுதி கிடையாது. ஒரு வயலின் இருந்தது. அவர்களுடைய ஒரே மகள் ஆரபியின் சீதனம் அதுதான்.

கோப்பாயில் என்ன, குடாநாடு முழுக்கத் தேடினாலும் மகளுக்குச் சீதனமாக வயலின் வாங்கி வைத்த தகப்பன் இன்னொருவர் அகப்படமாட்டார். ஊர் சிரித்ததில் பிழையில்லை. ஆனாலும் அந்த மனிதர் விசரில் செய்த காரியம் அல்ல அது. அவருடைய தகப்பன்வழிக் காணி வலிகாமம் வடக்கில் ராணுவத்தின் முள்ளுக்கம்பிக்குள் போய்விட்டது. தொண்ணூற்றைந்தில் சனத்தோடு சனமாக மழைக்குள் கொடிகாமத்துக்கு ஓடியபோது எலுமிச்சை மரத்தடியில் புதைத்துவிட்டுப் போன நகை, திரும்பி வந்து பார்த்தபோது வெறும் குழியாக இருந்தது. கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வங்கியில் போட்ட காசு, எடுக்கப் போனபோது ஒரு நல்ல சைக்கிளுக்கும் கொஞ்ச அரிசிக்கும்தான் காணும் என்றாகிவிட்டது. இத்தனையும் பட்ட ஒருவரிடம் போய் மகளுக்குக் காணி வாங்கு, நகை வாங்கு என்றால் அவர் என்னதான் செய்வார்?

"காணியை ஆமி பிடிப்பான். நகையைக் கள்ளன் கிண்டுவான். காசை விலைவாசி தின்னும்," என்பார். "உந்த வயலினை நான் கமக்கட்டுக்குள்ளை வைச்சுக்கொண்டு ஓடுவன். எந்தச் சண்டை வந்தாலும் ஓடுவன்."

யுத்தம் முடிந்து இரண்டு வருடத்தில், குருநகரில் கத்தரீனா என்ற விதவை ஒரு வயலினை விற்கப் போகிறார் என்று அவருக்குக் கேள்வி வந்தது. கத்தரீனாவின் கணவர் மரியரட்ணம் மாஸ்டர் தேவாலயத்தில் வாசித்தவர். அவருடைய தகப்பனுக்கு ஆங்கிலேயர் காலத்தில் ஒரு தோட்டத்துரை கொடுத்துவிட்டுப் போன வாத்தியம் அது. பிரான்சிலே நூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் செய்தது என்று உள்ளே ஒட்டிய துண்டு சொன்னது. மாஸ்டரின் வருத்தத்துக்கு மருந்து, ஆசுப்பத்திரி என்று செலவழித்துக் கடன்பட்டுப்போன கத்தரீனா, கனடாவில் இருக்கும் மகளிடம் போவதற்கு முன் எல்லாவற்றையும் தீர்த்துவிட நினைத்தார். நேர்மையான பெண். ஒளிக்காமல் சொன்னார்.

"வெளிநாட்டிலை கொண்டுபோய் வித்தால் உதைவிடக் கூட வரும், அண்ணை. எனக்கு ஓடித்திரிய ஏலாது. பழைய வயலின் விலை வருஷா வருஷம் ஏறும். இறங்கிறேல்லை."

அந்தக் கடைசிச் சொல்லைத்தான் தியாகலிங்கம் பிடித்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் இறங்காமல் நின்ற சாமான் என்று ஒன்றையும் கண்டதில்லை. வீட்டுக்கு வந்து மனைவி மீனாம்பிகையை முன்னால் இருத்தி, பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோலச் சொல்லிக் கொடுத்தார். மீனாம்பிகையின் சீதனக் காணி, செம்மண் தோட்டமும் கிணறுமாக, கைதடிப் பக்கம் கிடந்தது. தாயிடமிருந்து அவளுக்கு வந்தது, அவளிடமிருந்து ஆரபிக்குப் போக வேண்டியது. அதை விற்கும் உறுதியில், நொத்தாரிசின் மேசையில் மீனாம்பிகை கையெழுத்து வைத்தாள். யாரும் அவள் கையைப் பிடித்து வைக்கவில்லை. புருஷன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளே வைத்தாள். அதைப் பின்னால் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்தாள்.

அவர்கள் இருந்த வீடும் சொந்த வீடில்லை. தியாகலிங்கத்தின் தமையனுடையது. அவர் கனடாவில் இருக்கிறார். பூட்டிக் கிடக்கிற வீட்டில் இருங்கோ என்று விட்டது. ஆகவே ஆரபிக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அலுமாரிக்குள் கிடந்த அந்த ஒற்றைப் பெட்டிதான்.

வயலின் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதைத் தொட உரிமை இருந்தது இரண்டே பேருக்கு. ஒன்று தியாகலிங்கம், மற்றது சரஸ்வதி. நவராத்திரிக்கு மட்டும் பெட்டி வெளியே வரும். மீனாம்பிகை கும்பத்துக்குப் பக்கத்தில் பட்டுத்துணி விரித்து அதைக் கிடத்துவாள். சந்தனம் உரைத்து, வயலினின் தலையில் ஒன்று, கழுத்தில் ஒன்று, வயிற்றில் பெரிதாக ஒன்று என்று பொட்டு வைத்து, மேலே குங்குமம் இடுவாள். விஜயதசமி முடிந்ததும் ஈரத்துணியால் துடைப்பாள். குங்குமச் சிவப்பு முழுதாகப் போகாது. மரம் வெடித்துவிடக் கூடாதே என்று விரலில் தொட்டு நல்லெண்ணெய் பூசுவாள். பிள்ளைக்கு எண்ணெய் வைப்பதுபோல அவ்வளவு பதமாகப் பூசுவாள். அது ஆரபியின் சாமான் அல்லவா?

வாங்கிய புதிதில் ஆரபி ஒருமுறை கேட்டாள்.

"அப்பா, ஒருக்காத் தோளிலை வைச்சுப் பாக்கட்டே?"

"உது விளையாட்டுச் சாமானில்லைப் பிள்ளை. உன்ரை வீடு உது," என்றார் தியாகலிங்கம்.

அதற்குப் பிறகு ஆரபி கேட்கவில்லை. படித்து முடித்தாள், பிரதேச செயலகத்தில் வேலை எடுத்தாள், தவணைக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கினாள். மாப்பிள்ளைகளும் வந்தார்கள்.

முதலில் வந்தது உரும்பிராயில் ஒரு வாத்தியார். நல்ல பிள்ளை. அவர்கள் வீடு கேட்டார்கள். வயலினை விற்றால் வீடு கட்டலாம் என்று மீனாம்பிகை வாய் திறந்தாள். தியாகலிங்கம் இப்படிப்பட்ட முட்டாளைக் கண்டதில்லை என்பதுபோல அவளைப் பார்த்தார். "இப்ப வித்தால் அரைவாசி விலை. இன்னும் ரெண்டு வருஷம் பொறும்." வாத்தியார் பொறுக்கவில்லை. அடுத்து ஒரு எஞ்சினியர், பிறகு வங்கியில் வேலை செய்யும் ஒருவர். ஒவ்வொரு தடவையும் மீனாம்பிகை மகளுக்குச் சீலை தெரிந்தெடுத்து, பவுடர் போட்டு, பூ வைத்து, கதிரையில் இருத்துவாள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் அதே இரண்டு வருடம் வந்து நிற்கும். ரூபாய் கவிழ்ந்து, பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் சனம் வரிசையில் நின்று காய்ந்த அந்த வருடத்தில் தியாகலிங்கம் ஒருவர் மட்டும் சிரித்த முகத்தோடு திரிந்தார். வயலினின் விலை வெளிநாட்டுக் காசில் அல்லவா? சில மாதத்துக்குள் ஏறக்குறைய இரட்டிப்பு!

வயலினுக்கு வயது ஏற ஏற விலை ஏறும். பெண்ணுக்கு இந்த ஊர் போட்டிருக்கிற விலை எந்தப் பக்கம் போகும் என்று யாராவது அந்த மனிதருக்குச் சொல்லியிருக்க வேண்டும். மீனாம்பிகைக்குத் தெரிந்திருந்தது. மகளுக்குச் சீப்பால் தலை இழுத்துவிடும்போது காதோரத்தில் வெள்ளைமயிர் கண்டபோதே தெரிந்துவிட்டது. அவள் சொல்லவில்லை. பிடுங்கி எடுத்துக் குசினிச் சாம்பலுக்குள் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

முப்பத்தைந்தை எட்டும்போது ஆரபிக்குச் சிவகரன் வாய்த்தான். வாய்த்தான் என்றுதான் சொல்ல வேண்டும். அவளோடு அதே அலுவலகத்தில் வேலை, கொடிகாமத்து ஆள், அதிர்ந்து கதைக்கத் தெரியாதவன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொடங்கிய கதை ஒரு வருடமாக ஓடியிருக்கிறது. ஒருநாள் அவனுடைய தாய் நேரே வந்து கதிரையில் இருந்து சொன்னார்.

"பிள்ளையை எனக்குப் பிடிச்சிருக்கு. இவன்ரை தங்கச்சிக்கு எங்கடை வீட்டை எழுதிப்போட்டம். இவையள் போயிருக்க ஒரு சின்ன வீடு வேணும். பெரிசாய் ஒண்டும் கேக்கேல்லை."

அவர் கேட்டதில் அநியாயம் ஒன்றுமில்லை. அன்று பின்னேரம் ஆரபி தகப்பனுக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் இப்படி நின்று மீனாம்பிகை பார்த்ததில்லை.

"அப்பா, இந்த முறை ரெண்டு வருஷம் எண்டு சொல்லாதேங்கோ."

அவ்வளவுதான் சொன்னாள். குரல் உயரவுமில்லை. தியாகலிங்கம் எழுந்து போய்க் கனடாவுக்கு, கத்தரீனாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

கத்தரீனாவின் தம்பி மகன் கிறிஸ்ரி லண்டனில் பழைய வயலின்கள் வாங்கி விற்கும் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். மரியரட்ணம் மாஸ்டரின் மடியில் இருந்து அந்த வயலினைப் பார்த்து வளர்ந்தவன். வாங்கும்போது எடுத்த படங்களைத் தியாகலிங்கம் அனுப்பினார். கிறிஸ்ரி ஒரு விலை சொன்னான். அந்த விலைக்கு வீடும் கட்டி, கிணறும் வெட்டி, தாலிக்கொடியும் செய்து மிச்சம் பிடிக்கலாம். ஆவணியில் ஊருக்கு வருவதாகவும், நேரில் பார்த்து எடுத்துக்கொண்டு போவதாகவும் சொன்னான். தொலைபேசியை வைத்துவிட்டுத் தியாகலிங்கம் மனைவியைப் பார்த்த பார்வையை என்னவென்பது! ஊர் முழுவதையும் ஒரு நிமிடத்தில் வென்ற பார்வை அது.

கிறிஸ்ரி வருவதற்கு முந்தின வாரம் கொடிகாமத்தில் பாதியில் நிற்கும் ஒரு வீடு விலைக்கு வந்தது. சிவகரனோடு சேர்ந்து அதைப் பார்த்துக் கதைத்து முடிக்கத் தியாகலிங்கம் புறப்பட்டார். உறவினர் வீட்டில் இரண்டு மூன்று நாள் நிற்க வேண்டியிருக்கும். படலையடிக்குப் போனவர் திரும்பி வந்தார். இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து மீனாம்பிகையின் கையில் வைத்தார்.

"ஆக்கள் வரப்போகினம். எடுத்துத் துடைச்சுத் துப்பரவாய் வையும்."

கல்யாணம் செய்து இத்தனை வருடத்தில் அவர் அந்தத் திறப்பை யாரிடமும் கொடுத்ததில்லை. மீனாம்பிகைக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆரபி வேலைக்குப் போனபின் அவள் பெட்டியைத் திறந்து வயலினை யன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். பூசை அறையின் மங்கலில் அவளுக்கு அது எப்போதும் வடிவாகத்தான் தெரிந்தது. இப்போது பகல் வெளிச்சத்தில் பார்த்தால் வயிற்றிலும் கழுத்திலும் கறுத்துச் சிவந்த வட்டங்கள், எண்ணெய் ஊறி அழுக்குப் பிடித்த விளிம்பு, அங்கங்கே பொருக்கு. எல்லாம் அவள் கையால் வந்தவை. லண்டனிலிருந்து வருகிறவன் இதைப் பார்த்து மூக்கைச் சுளிக்கப்போகிறான் என்று நினைத்தாள். பொம்பிளை பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் ஊத்தைச் சட்டையோடு மகளைக் கொண்டுபோய் விடுவதா? ஈரத்துணியால் துடைத்தாள், எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். வட்டங்கள் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா அடுத்த வளவில் குகதாசன் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்? அங்கே ஒரு கல்யாணம். கதவு, கதிரை எல்லாவற்றையும் உரஞ்சி வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தான். வெயிலில் காய வைத்த பழைய கதிரைகள் புதுச் சாமானாகப் பளபளத்தன. மீனாம்பிகை வேலிக்கு மேலால் கூப்பிட்டாள். அவன் வந்து வயலினைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மெல்லிசு மரம், அக்கா. கதவு மாதிரிப் போட்டு உரஞ்ச ஏலாது."

"அப்ப உம்மாலை ஏலாதே?"

"ஆர் சொன்னது? பூப்போலை செய்து தாறன். வந்து பாருங்கோ."

சொன்னபடி செய்தான். அவன் வேலையில் யாரும் குறை பிடிக்க முடியாது. கம்பிகளைக் கழற்றினான். நைஸ் சாண்ட் பேப்பரால் கறை முற்றாகப் போகும்வரை உரஞ்சினான். அடியிலிருந்து வெளிறிய புது மரம் வந்தது. மீனாம்பிகை பக்கத்தில் நின்று, "அந்த மூலையும், தம்பி, அந்த மூலையும்," என்று காட்டிக் காட்டிச் செய்வித்தாள். கைக்கு வழுவழுப்பாக வந்தபின் வார்னிஷ் அடித்து, காய வைத்து, மறுபடி அடித்து, மாமர நிழலில் கட்டித் தொங்கவிட்டான். இரண்டாம் நாள் அது கண்ணாடிபோல மின்னியது. குனிந்தால் முகம் தெரிந்தது. அவன் கேட்டதற்கு மேலே போட்டுக் கொடுத்தாள். ஆரபி கேட்டதற்கு, துடைத்து வைத்திருக்கிறது, அப்பா வரட்டும், பிறகு பார் என்று சொல்லி அலுமாரியைப் பூட்டிவிட்டாள். மகளுக்கு அதைக் காட்டும் நேரத்தை நினைத்து நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

தியாகலிங்கம் வந்து பெட்டியைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவர் விரலால் மெல்லத் தடவினார். திருப்பிப் பார்த்தார். இத்தனை வருடமாக அதைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தாரே தவிர, அதைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதன் விலை மட்டும்தான்.

"ஆர் செய்தது?"

"நான்தான் செய்விச்சனான். குகதாசனைக் கொண்டு."

"நீர் கெட்டிக்காரி," என்றார். "உது உம்மடை மூளைக்கு எப்பிடி வந்தது? புத்தம் புதுசாய் இருக்கு!"

அவர் வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்து அவள் கேட்டதில்லை. அன்று முழுதும் குசினிக்குள் நின்றபடி அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாவம், மீனாம்பிகை. அந்த ஒரு நாளாவது அவளுக்குக் கிடைத்ததே என்று நினைக்கவும் மனம் வருகுதில்லை. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

கிறிஸ்ரி வெள்ளிக்கிழமை காலையில் வந்தான். ஆரபிக்கு அன்று கூட்டம் ஒன்று. விடுமுறை எடுக்க முடியவில்லை. போகும்போது வாசலில் நின்று, "முடிஞ்ச உடனை எனக்கு ஒரு போன் எடுங்கோ, அம்மா," என்று சிரித்துவிட்டுப் போனாள். கிறிஸ்ரி ஐம்பது வயதைத் தொட்ட, அமைதியான ஆள். தேத்தண்ணி வேண்டாம், முதலில் பார்ப்போம் என்றான். மாஸ்டர் மாமா அதைத் தனக்குத் தொடக்கூட விடமாட்டார் என்று சொல்லிச் சிரித்தான். கைகளைக் கழுவி, தன்னுடைய வெள்ளைத் துணியால் துடைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் இருந்தான். தியாகலிங்கம் பெட்டியைத் திறந்தார். வார்னிஷ் மணம் அறைக்குள் பரவியது.

கிறிஸ்ரியின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. வயலினை எடுக்கவில்லை. குனிந்து பார்த்தான். பிறகு எடுத்தான், வயலினோடு பெட்டியின் உள்துணியும் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை மெல்லப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்தான். உள்ளே எட்டிப் பார்த்து அந்தக் கடதாசித் துண்டை வாசித்தான். திரும்பவும் வெளியே பார்த்தான். அவன் எதையோ தேடுகிறான் என்று மீனாம்பிகைக்குப் பட்டது.

"ஆர் இதுக்கு வார்னிஷ் அடிச்சது?"

மீனாம்பிகை வாயைத் திறந்தாள். அதற்குள் தியாகலிங்கம் சொன்னார்.

"நான்தான் தம்பி செய்விச்சனான்."

அவன் வயலினை மடியில் வைத்துக்கொண்டான். மாஸ்டரின் வயலின் அல்லவா? அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தபோதுதான் ஏதோ பிழை நடந்துவிட்டது என்று மீனாம்பிகைக்கு விளங்கியது.

"அண்ணை, எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. இது அந்த வயலின்தான். நான் சொன்ன விலையும் பொய்யில்லை. ஆனால், சனம் அந்த விலை குடுக்கிறது இதைச் செய்தவன்ரை கை பட்ட மேல்பூச்சுக்கு. அவன் பூசின பூச்சு, அவன் சீவின மரம். அதை உரஞ்சி எடுத்தாச்சு. மரமும் மெலிஞ்சு போச்சு. இனி ஆராலையும் அதைத் திருப்பி வைக்க ஏலாது."

"அப்ப... கொஞ்சம் விலை குறையுமோ?" என்றார் தியாகலிங்கம்.

"படிக்கிற பிள்ளையள் வாசிக்கிறதுக்கு எடுக்கலாம், அண்ணை. ஒரு பழைய மோட்டார்சைக்கிள் விலை வரும்."

தியாகலிங்கம் தலையை ஆட்டினார். சரி, சரி என்று ஏதோ சாதாரணச் செய்தி கேட்டவர்போல ஆட்டிக்கொண்டேயிருந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் மீனாம்பிகை கேட்டாள்:

"தம்பி, அதிலை குங்குமக் கறை கிடந்தது. எண்ணெய் கிடந்தது. ஊத்தையாய்க் கிடந்தது. அப்பிடியே விட்டிருந்தாலும் ஆரும் வாங்கியிருக்கமாட்டினம்தானே?"

ஓம் என்று சொல்லிவிடு என்று அவள் மனதுக்குள் மன்றாடினாள். கிறிஸ்ரி நல்லவன். ஆனால் பொய் சொல்லத் தெரியாதவன்.

"இல்லை அக்கா. கறையெல்லாம் நாங்கள் பக்குவமாய் எடுப்பம். கொஞ்சம் குறைச்சிருப்பம், அவ்வளவுதான். அப்பிடியே விட்டிருந்தால் நான் இண்டைக்கே கொண்டுபோயிருப்பன்."

அவன் போனான். போகும்போது தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் போனான், அவர்களுக்காக. தியாகலிங்கம் படலைவரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து கதிரையில் இருந்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் மீனாம்பிகை பிழைத்திருப்பாள். நீ பாழாக்கினாய், என் பிள்ளையின் வாழ்க்கையைச் சாண்ட் பேப்பர் போட்டு உரஞ்சினாய் என்று கத்தியிருந்தால், அவளும் கத்தி அழுதிருப்பாள். அவர் அவளுக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சும்மா இருந்தார். மதியச் சோறு அடுப்பில் ஆறிப்போனது. ஆரபியின் இலக்கத்திலிருந்து தொலைபேசி அடித்தது. மறுபடி அடித்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

ஸ்கூட்டியின் சத்தம் கேட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆரபி உள்ளே வந்து ஒருவர் முகத்தை மாறி ஒருவர் முகத்தைப் பார்த்தாள். மேசையில் பெட்டி திறந்தபடி கிடந்தது.

"அவர் எடுக்கேல்லையே?"

மீனாம்பிகை சொன்னாள். முதலிலிருந்து கடைசிவரை, குகதாசனைக் கூப்பிட்டதிலிருந்து கறையை அப்படியே விட்டிருக்கலாம் என்று கிறிஸ்ரி சொன்னதுவரை, ஒன்றையும் விடவில்லை. "நான்தான் பிள்ளை. அப்பா தன்ரை வேலை எண்டு சொன்னவர். இல்லை, நான்தான்." சொல்லி முடித்துவிட்டு அடி வாங்கக் காத்திருப்பதுபோல நின்றாள்.

ஆரபி வயலினுக்கு முன்னால் போய் நின்றாள். அதைத் தொடவில்லை. தியாகலிங்கம் அப்போதுதான் தொண்டையைச் செருமினார். கிறிஸ்ரி போன பிறகு அவர் பேசும் முதல் வார்த்தை.

"மரம் அதே மரம்தானே? பிரான்ஸ் மரம். உள்ளுக்கை துண்டும் அப்பிடியே கிடக்கு. உந்த வார்னிஷும் பழசாகும்தானே, பிள்ளை? கையிலை வைச்சிருப்பம். இன்னும் ஒரு ரெண்டு வருஷம்..."

அவர் முடிக்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"ஓம் அப்பா," என்றாள் ஆரபி. "பழசாகட்டும்."

தொலைபேசியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். மீனாம்பிகை குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆரபி அழவில்லை. அலுவலகக் கோப்பைப் பற்றிக் கதைப்பதுபோலக் கதைத்தாள். வீடு இல்லை, சிவகரன். இல்லை, கடன் எடுக்க வேண்டாம், ஏற்கெனவே உங்களுக்குத் தங்கச்சியின்ரை கடன் கிடக்கு. உங்கடை அம்மாட்டைச் சொல்லுங்கோ. அந்தப் பக்கம் அவன் நீண்ட நேரம் ஏதோ சொன்னான். நான் காத்திருக்கிறன் என்று சொல்லியிருப்பான். அப்படிச் சொல்லக்கூடிய பிள்ளைதான்.

"வேண்டாம்," என்றாள் ஆரபி. "காத்திருக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியும். ஒருத்தரையும் அப்பிடிக் காத்திருக்கச் சொல்ல என்னாலை ஏலாது."

திரும்பி வந்தவளின் கையைத் தாய் பிடித்துக்கொண்டாள்.

"வடிவாய் இருக்கோணும் எண்டுதான் பிள்ளை செய்தனான். வாற ஆக்களுக்கு முன்னாலை குறையாய் நிக்கக் கூடாதெண்டு..."

"தெரியும் அம்மா. எனக்கும் அப்பிடித்தானே செய்தனீங்கள்," என்றாள் ஆரபி. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு முகம் கழுவப் போனாள்.

புரட்டாதியில் நவராத்திரி வந்தது. மீனாம்பிகை கும்பம் வைத்தாள். புத்தகங்களை அடுக்கினாள். பெட்டியை எடுப்பதா விடுவதா என்று அவள் தடுமாறிக்கொண்டிருக்கும்போது ஆரபியே அதைக் கொண்டுவந்து பட்டுத்துணியில் வயலினைக் கிடத்தினாள். காதோரத்து நரையை அவள் இப்போது மறைப்பதில்லை. தாயையும் பிடுங்க விடுவதில்லை. மீனாம்பிகை சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். வைக்க வரவில்லை.

"வையுங்கோ அம்மா," என்றாள் ஆரபி. "இனிப் பயமில்லாமல் வையுங்கோ."

தாய் வைக்காததால் அவளே விரலில் சந்தனத்தைத் தொட்டு, தலையில் ஒன்று, கழுத்தில் ஒன்று, வயிற்றில் பெரிதாக ஒன்று வைத்து, மேலே குங்குமமும் இட்டாள். மினுங்குகிற வார்னிஷில் சந்தனம் பிடிக்காமல் வழிந்தது. திரும்பவும் வைத்தாள். மீனாம்பிகை சீலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள்.

உள் அறையிலிருந்து தியாகலிங்கத்தின் குரல் வந்தது.

"பிள்ளை, பூசை முடியக் கவனமாய்த் துடைச்சுப் பெட்டிக்குள்ளை வை. ஒருத்தரும் தொடாதேங்கோ. திறப்பை என்னட்டைத் தா."

"ஓம் அப்பா," என்றாள் ஆரபி.